சங்கம் தொடங்குவது சுகம், முதல் போகம்தான் பாடு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் அல்லவா. உங்கள் பூட்டனார் 1930களில் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர், ஒரு விற்பனைச் சங்கத்தின் தொடக்க அங்கத்தவர் என்று வீட்டில் ஒரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் தோட்டக்காரர்கள் கூடி ஒரு வியாபாரச் சங்கத்தை எப்படித் தொடங்கினார்கள், காசு எங்கிருந்து வந்தது, அரசாங்கம் ஏன் அதை விட்டது, மற்றக் குடியேற்ற நாடுகளிலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டுறவுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது வெள்ளவத்தையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், நேரம் நிறைய உண்டு. அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம். இலையை வெட்டின நாளுக்கும் அதை விற்ற காசு கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஓர் இடைவெளி இருக்கிறது பாருங்கள், அந்த இடைவெளியில் தோட்டக்காரனுக்குக் காசு கொடுப்பவன் யாரோ அவன்தான் பயிருக்குச் சொந்தக்காரன். முன்பு அது வியாபாரி. சங்கம் என்று தொடங்கியவர்கள் செய்யப் பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் வியாபாரிக்குப் பதிலாகத் தாங்களே நிற்பதுதான். நின்ற சங்கம் பிழைத்தது, நிற்க முடியாத சங்கத்துக்குப் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது.

புகையிலையை வைத்தே சொல்கிறேன், உங்கள் குடும்பத் தொழில் அல்லவா. மாரி மழை ஓய்கிற நேரம் கன்று நடுவார்கள். 16 பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர், நாலைந்து பரப்புத் தோட்டம் வைத்திருப்பவனே ஊரில் ஆளாக மதிக்கப்பட்ட காலம். விடிய முன்னம் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து, ஆட்டுப்பட்டி அடைத்து எருப்போட்டு, நுனி முறித்து, பக்கத்தில் வெடிக்கும் முளைகளைக் கிள்ளிக் கிள்ளி, கை முழுக்கப் பிசின் ஒட்டி, சோறு தின்னும்போதும் கசக்கும். பங்குனி சித்திரையில் வெட்டு. வெட்டினவுடன் காசா? எங்கே! குடிலுக்குள் தொங்கவிட்டுப் பொச்சுமட்டைப் புகை போட்டு, பாடம் போட்டு, அதாவது இலையைப் பதப்படுத்தி, தரம் பிரித்து, அடுக்கிச் சிப்பமாகக் கட்டி, அது தோணியேறிக் கடல் தாண்டி மலையாளம் போகவேண்டும். மலையாளம் என்று எங்கள் ஆட்கள் சொன்னது திருவிதாங்கூரை. அங்கே வெற்றிலையோடு போடுவதற்கு யாழ்ப்பாணத்துப் புகையிலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய சனம் இருந்தது. திருவிதாங்கூர் அரசுக்கும் அது நல்ல வருமானம், முன்பு அந்த அரசு புகையிலை வியாபாரத்தையே தன் ஏகபோகமாக வைத்திருந்தது, பிறகு தீர்வையாகக் கறந்தது. அந்தத் தீர்வையைக் கட்டி, அங்கே விற்று, காசு திரும்பி வரும்வரை தோட்டக்காரன் வீட்டில் அடுப்பு எரியவேண்டும், கோயில் திருவிழா உபயம் செய்யவேண்டும், இறைப்புக்கு வந்தவனுக்குக் கூலி கொடுக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் வியாபாரி அல்லது அவருடைய தரகர் வருவார். கன்று முழங்கால் உயரம் வளரும்போதே வந்து முற்காசு தருவார். எழுத்தெல்லாம் பெரிதாக இராது, சில வேளை ஒரு நோட்டுத்தாள், சில வேளை காணி உறுதி ஈடு. வெட்டு முடிந்ததும் அதே ஆள் வந்து இலையைத் தூக்கிப் பார்த்து, மணந்து, "ஈரம் கூட, இந்தமுறை மலையாளத்தில் விலை விழுந்துபோச்சு" என்பார். மலையாளத்தில் விலை விழுந்ததா எழும்பியதா என்று சுன்னாகத்துத் தோட்டக்காரனுக்கு எப்படித் தெரியும்? முற்காசு வாங்கியவன் வேறு ஆளிடம் கொண்டுபோகவும் முடியாது. தராசும் அவருடையது, படியும் அவருடையது, செய்தியும் அவருடையது. வியாபாரியைக் கொடியவனாகக் காட்டுவது சுலபம், எங்கள் பழைய கூட்டுறவுப் பேச்சாளர்கள் மேடையில் அதைத்தான் செய்தார்கள். உண்மையில் அந்த மனிதனும் தோணி தாழ்ந்தால், இலை பூஞ்சணம் பிடித்தால், தீர்வை திடீரென்று ஏறினால் நட்டப்படுகிறவன்தான். அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அவன் விலையைக் குறைத்தான். இதைச் சங்கக்காரர் கவனிக்கவில்லை. தாங்களே ஏற்றுமதி செய்யப் போனபோதுதான் அந்த நட்டம் தங்கள் தலையில் விழும் என்று கண்டார்கள்.

1930களில் உருவான யாழ்ப்பாணம் மலையாளம் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் இந்தக் கதைக்குள்தான் வருகிறது. உங்கள் பூட்டனார் சேர்ந்தது அதுவாகவே இருக்கலாம், அல்லது அதோடு ஒட்டிய ஊர்ச் சங்கமாக இருக்கலாம், பெயர் தெரியாமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த பத்தாண்டு அது. கொழும்பில் செட்டியார் தெருவில் கடன் கொடுத்தவர்கள் கையை இறுக்கிக்கொண்ட காலம், கடன் வசதியை ஆராய அரசாங்கம் 1934 இல் வங்கி ஆணைக்குழு ஒன்றையே நியமித்தது. தனி ஆள் தாக்குப்பிடிக்க முடியாத நேரத்தில்தான் ஆட்கள் கூட்டுச் சேருவார்கள், நல்ல காலத்தில் யாரும் சங்கத்தைத் தேடி வருவதில்லை. என் வேலைக்காலம் முழுக்க நான் கண்டதும் அதுதான்.

சரி, அரசாங்கம் ஏன் விட்டது? விட்டது மட்டுமில்லை, அரசாங்கம்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தது. அதற்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 1875 இல் தக்காணத்தில், புனே அகமதுநகர்ப் பக்கம், கடனில் மூழ்கிய விவசாயிகள் வட்டிக்காரர் வீடுகளைச் சூழ்ந்து கடன் பத்திரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். அந்த நெருப்பு ஆட்சியாளருக்கு நன்றாக உறைத்தது. பிறகு சென்னை மாகாண அரசு பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே விவசாயிகளுக்கு எப்படிக் கடன் கிடைக்கிறது என்று பார்த்துவரச் சொன்னது. அவர் 1890களில் பெரிய அறிக்கை எழுதினார், அதன் சாரம் ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த்தலைவர் செய்ததை இங்கும் செய்யுங்கள் என்பது. ரைஃபைசன் செய்தது என்ன? ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. அதிலிருந்து 1904 இல் இந்தியக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 18 வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். ஆனால் அது கடன் சங்கம் மட்டும்தான், வியாபாரம் செய்யும் சங்கத்துக்கு 1912 இல் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கை அதே பாதையில் ஒரு வாய்க்கால் தள்ளி வந்தது. 1906 இல் கண்டிப் பக்கம் தும்பறையில் ஒரு கடன் சங்கம் சட்டம் எதுவும் இல்லாமலே தொடங்கியது, 1911 இல் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கடன் சங்கங்களுக்கு வந்தது, 1921 இல் 34 ஆம் இலக்கச் சட்டம்தான் கடன் தவிர்ந்த மற்றச் சங்கங்களுக்கும் கதவைத் திறந்தது. 1930 இல் கூட்டுறவுக்குத் தனித் திணைக்களம், பதிவாளராக டபிள்யூ. கே. எச். காம்பல். 1936 இல் 16 ஆம் இலக்கச் சட்டம். நீங்கள் வருடங்களைக் கேட்டீர்கள் என்பதால் எழுதினேன், பாடமாக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள், கடன் முதலில், வியாபாரம் பிறகு. ஆட்சியாளருக்கு விவசாயி கடனில் சாகாமல் இருக்கவேண்டும், கலகம் வரக்கூடாது, அவ்வளவுதான். விவசாயி சந்தையில் ஓர் ஆளாக வந்து பேரம் பேசவேண்டும் என்ற ஆசை லண்டனிலும் கொழும்பிலும் யாருக்கும் ஆரம்பத்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அது கீழே இருந்து வந்த ஆசை.

இப்போது ஒரு சங்கம் பதிகிற காட்சியைப் பாருங்கள். இது எனக்கு முந்திய தலைமுறைப் பரிசோதகர்கள் சொல்லக் கேட்டது, என் காலத்திலும் பெரிதாக மாறவில்லை. பரிசோதகர் சைக்கிளில் ஊருக்குப் போவார். தோட்டக்காரன் பகலில் அகப்படமாட்டான், ஆகவே பொழுதுபட்ட பிறகு வாசிகசாலையில் கூட்டம், அரிக்கன் லாம்பு ஒன்று. முதல் நாள் ஐம்பது பேர் வருவார்கள், அரசாங்கம் காசு கொடுக்கப் போகிறது என்ற நினைப்பில். இல்லை, நீங்கள்தான் பங்குப்பணம் போடவேண்டும் என்றதும் அடுத்த கூட்டத்தில் இருபது. துணைவிதிகளை, அதாவது சங்கத்தின் சொந்தச் சட்டதிட்டங்களை, ஒவ்வொன்றாக உரத்து வாசித்து விளக்கம் சொல்லி முடிக்கும்போது பதினைந்து. அந்தப் பதினைந்து பேர்தான் சங்கம். அதுவும் ஒரு நாளில் இல்லை, மாதக்கணக்கில் இழுபடும். பழைய பரிசோதகர்கள் வேண்டுமென்றே இழுத்தார்கள் என்றும் சொல்லலாம், அவசரத்தில் பதிந்த சங்கம் அவசரத்தில் முடியும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பிறகு விண்ணப்பத்தில் கையெழுத்து, துணைவிதிப் பிரதிகளோடு கொழும்புக்குப் போகும், பதிவாளர் திருப்திப்பட்டால் சான்றிதழ் வரும். ஒருவருக்கு ஒரு வாக்கு, எத்தனை பங்கு வைத்திருந்தாலும். யாரும் மொத்தப் பங்கில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று எல்லை போட்டிருந்தது, இல்லாவிட்டால் ஊரில் ஒரு முதலாளியே சங்கத்தை வாங்கிவிடுவார்.

யாழ்ப்பாணத்தில் இது மற்ற இடங்களைவிட நன்றாகப் பிடித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் மண்ணின் மகிமை என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஒவ்வொரு ஊரிலும் கணக்கெழுதத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும், மலாயாவில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு திரும்பிய ஒரு கிளார்க்கரும் இருந்தார்கள். "படிப்பில்லாத தோட்டக்காரர்கள்" என்று நீங்கள் எழுதியது சரியில்லை தம்பி. தோட்டக்காரர்களில் பலர் வாசிக்கத் தெரிந்தவர்கள், அதோடு காசோலைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பயப்படாத ஆட்கள் சம்பளம் இல்லாமல் செயலாளர் வேலை பார்க்க ஆயத்தமாக இருந்தார்கள். மலாயாக் காசு ஊர்ச் சங்கத்தில் வைப்பாகவும் வந்து விழுந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வி. வீரசிங்கம் இந்த இயக்கத்தின் தூண் மாதிரி நின்றவர், இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபம் என்றால் தெரியாத ஆள் இல்லை, அது கூட்டுறவுக்காரர் கட்டிய கட்டடம் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு. 1920களின் கடைசியில் வடக்கில் கூட்டுறவு வங்கி வந்தது, மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே தொடங்கினார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு, கடைசிப் பரப்பு வரை பொறுப்பு என்றால், காணி இல்லாதவனை யார் சேர்ப்பார்? துணைவிதியில் சாதி என்ற சொல் எங்கும் இராது, தேவையும் இல்லை. குத்தகைக்குச் செய்தவன், கூலிக்கு இறைத்தவன், கோயில் வீதிக்குள் விடப்படாதவன் எல்லாம் வாசிகசாலைப் படிக்குக் கீழே நின்றுதான் அந்தக் கூட்டத்தைக் கேட்டிருப்பான். உங்கள் பூட்டனாரின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. குடும்ப வரலாறு எழுதுகிறீர்கள் என்றால் அந்தப் பட்டியலில் யார் பெயர் இல்லை என்பதையும் பாருங்கள். 1970களில் கள்ளிறக்கும் தொழிலாளருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோதுதான் அந்தச் சனத்தில் கனபேர் சங்கம் என்ற ஒன்றுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தார்கள்.

காசு எங்கிருந்து வந்தது என்றீர்கள். பங்குப்பணம் ஒரு மூலைக்கும் காணாது. பத்து ரூபாய்ப் பங்கைக்கூடத் தவணையில் கட்டினவர்கள் அவர்கள். பெருங்காசு கூட்டுறவு வங்கியில் இருந்தோ அரசாங்கத்தில் இருந்தோ கடனாக வரவேண்டும். முறை இதுதான். அங்கத்தவர் இலையைச் சங்கக் களஞ்சியத்துக்குக் கொண்டுவருவார், தரம் பார்த்து நிறுத்து, மதிப்பில் ஒரு பகுதியை அந்த இடத்திலேயே முற்பணமாகக் கொடுப்பார்கள். நூறு ரூபாய்ச் சரக்கென்று வையுங்கள், அறுபதோ எழுபதோ கையில். பிறகு எல்லோருடைய சரக்கும் தரவாரியாக ஒன்றாகச் சேர்ந்து போகும், யாருடைய சிப்பம் எந்த விலைக்குப் போனது என்ற கணக்கு இல்லை, அந்தத் தரம் முழுவதற்கும் சராசரி விலை. தீர்வை, தோணிக் கூலி, சங்கக் கழிவு எல்லாம் போக மிச்சத்தை இரண்டாம் கொடுப்பனவாகப் பிரிப்பார்கள். எழுத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

நடப்பில் இரண்டு இடத்தில் உடையும். ஒன்று தரம் பிரிக்கிற மேசை. களஞ்சியத்தில் நின்று உன் இலை முதல் தரம் இல்லை, இரண்டாம் தரம் என்று சொல்கிற ஆள் உன் மச்சானாக இருப்பான், அல்லது உன்னோடு எல்லை வேலிச் சண்டை பிடித்தவனாக இருப்பான். வியாபாரி இரண்டாம் தரம் என்றால் பேசாமல் போன மனிதன், சங்கக்காரன் சொன்னால் தலைமுறைக்கும் மறக்கமாட்டான். மற்றது விசுவாசம். இதற்கு என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வந்த மவுசு உங்களுக்கு அப்பா சொல்லியிருப்பார். நான் அப்போது புதுப் பரிசோதகர். ஒரு சங்கம், பெயர் வேண்டாம், அங்கத்தவரின் வெங்காயத்தைச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பியது. முதல் இரண்டு லோட் நல்ல விலை. மூன்றாவது லோடோடு நானும் வந்தேன், புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் விற்பனை எப்படி நடக்கிறது என்று பார்க்க. அங்கே கமிஷன் கடைக்காரர் சாக்கைக் கத்தியால் ஒரு கீறுக் கீறி, கையளவு வெங்காயத்தைக் கொட்டி, ஒன்றை நசுக்கி மணந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சின்னன், ஈரம், பாதி முளை விட்டது. நல்ல வெங்காயம் எங்கே போனது? திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்துக் கடை வாசலில் தனியார் லொறியில் இருந்து இறங்குகிற சாக்குகளில் சிவப்பு மையில் ஓர் எழுத்து. அந்த எழுத்தை எனக்குத் தெரியும், சங்கத் தலைவருடைய வீட்டு அடையாளம். முதல்நாள் பின்னேரம்தான் பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர் துரோகம் பற்றி அரைமணித்தியாலம் பேசியவர் அவர்.

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாலு பக்கம் அறிக்கை எழுதினேன். பிறகு யோசித்தால், அந்த மனிதனுக்கு வைகாசியில் மகளின் கலியாணம். லொறிக்காரன் விடிய ஐந்து மணிக்கு முற்றத்தில் நின்று இறாத்தலுக்குச் சில சதம் கூடக் கொடுத்து முழுக்காசையும் எண்ணி வைக்கிறான், சங்கம் முற்பணம் தந்துவிட்டு மிச்சத்துக்கு இரண்டு மாதம் பொறு என்கிறது. நானாக இருந்தாலும் நல்ல வெங்காயத்தை லொறிக்குத்தான் ஏற்றியிருப்பேன், கூழை வெங்காயத்தைச் சங்கத்துக்கு. லொறிக்காரனும் முட்டாள் இல்லை, சங்கம் இருக்கும்வரைதான் கூட்டிக் கொடுப்பான். 1977 க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டபோது விலை விழுந்தது, சங்கமும் சோர்ந்துபோனது, அந்தச் சில சதமும் போய்விட்டது.

இந்த நோயைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1936 சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு உண்டு. விற்பனைச் சங்கம் தன் அங்கத்தவரோடு ஒப்பந்தம் செய்யலாம், விளைச்சலை முழுதாகவோ குறித்த அளவோ சங்கத்துக்கூடாகவே விற்கவேண்டும், மீறினால் முன்கூட்டியே தீர்மானித்த நட்டஈடு. நல்ல பிரிவு. என் காலத்தில் ஒரு சங்கம்கூட அதை வைத்து ஓர் அங்கத்தவரிடம் காசு அறவிட்டதை நான் காணவில்லை. அடுத்த தேர்தலில் வாக்குப் போடப்போகிறவன் அவன்தானே.

அரசாங்கம் பலாத்காரமாக அறவிடப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கதை உண்டு. இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதியான தங்கனிக்காவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் சாக்கா மக்கள் காப்பி பயிரிட்டார்கள். 1925 இல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள், சார்ல்ஸ் டண்டாஸ் என்ற ஆங்கில அதிகாரி ஆதரவு, ஜோசப் மெரினியோ என்ற உள்ளூர்க்காரர் முன்னுக்கு நின்றார். சங்கம் வளர்ந்து ஆட்சிக்கு எதிர்த்துப் பேசத் தொடங்கியதும் அது அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. 1932 இல் கூட்டுறவுச் சட்டம் கொண்டுவந்து பழைய சங்கத்தின் இடத்தில் பதிவு செய்யப்பட்ட ஒன்றியத்தை வைத்தார்கள். பிறகு எல்லோரும் காப்பியை அதற்கே விற்கவேண்டும் என்று கட்டாயம். விலை விழுந்தபோது சனம் கொதித்தது, 1937 இல் கலவரம். தாங்களே தொடங்கிய சங்கத்தின் பெயரால் தங்களையே கட்டிப்போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

வெள்ளைக் குடியேறிகள் தொடங்கிய சங்கங்களின் கதை வேறு. அதைப் பார்த்தால்தான் எங்கள் ஆட்கள் எதற்கெல்லாம் மல்லுக்கட்டினார்கள் என்று விளங்கும். நியூசிலாந்தில் 1871 இல் ஒட்டாகோ குடாநாட்டில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாற்கட்டித் தொழிற்சாலை தொடங்கினார்கள், ஒருவருடைய பண்ணை வீட்டிலேயே. பால் நாளைக்குக் கெட்டுவிடும், பாற்கட்டி மாதக்கணக்கில் நிற்கும், ஆகவே காத்திருந்து விற்கலாம். எங்கள் புகையிலைப் பாடம் மாதிரித்தான். 1882 இல் குளிரூட்டிய கப்பல் லண்டனுக்கு இறைச்சியும் வெண்ணெயும் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு அந்த நாட்டுப் பால் வியாபாரம் பெரும்பாலும் விவசாயிகளின் சங்கங்கள் கைக்கே வந்துவிட்டது. கெனியாவில் ரயில் 1901 இல் விக்டோரியா ஏரிக்கரை வரை போய்ச் சேர்ந்தது, 1908 இல் லும்ப்வாவில் ஐரோப்பியப் பண்ணைக்காரர் சங்கம், உரமும் விதையும் வாங்கவும் விளைச்சலை விற்கவும். 1925 இல் நைவாஷாவில் பாற்பண்ணைக்காரர்களின் பெரிய கூட்டுறவு. அவர்களுக்குப் பதிவாளரைக் கெஞ்ச வேண்டியதில்லை, சட்டசபையில் அவர்களுடைய ஆட்களே இருந்தார்கள், நல்ல நிலம் அவர்களுக்கென்றே ஒதுக்கியிருந்தது, வங்கி கடன் கொடுத்தது. அதே நாட்டில் ஆப்பிரிக்கர் 1930கள் வரை காப்பிக் கன்று நடவே அனுமதி இல்லை, கூட்டுறவுச் சட்டம் அவர்களுக்கும் சேர்த்து வந்தது 1945 இல்தான். ஆக, சங்கம் என்ற ஒரே சொல் ஓர் இடத்தில் நிலத்தைப் பிடித்தவனின் கம்பனி, இன்னோர் இடத்தில் கடனில் கிடந்தவனின் பிடிகயிறு.

உங்கள் பூட்டனாரின் சங்கத்துக்குக் கடைசியில் என்ன நடந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யுத்தம் வந்தது. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், அரிசி பங்கீட்டுக்கு வந்தது, ஊருக்கு ஊர் சங்கக்கடை முளைத்தது, சில வருடங்களில் ஆயிரக்கணக்கில். அதிலிருந்து இன்றைக்கு வரைக்கும் சங்கம் என்று சொன்னால் எங்கள் சனத்துக்குக் கூப்பன் வரிசைதான் ஞாபகம் வரும், விற்பனைச் சங்கத்தை மறந்தே போனார்கள். 1957 இல் பிலிப் குணவர்தன அமைச்சராக இருந்து எல்லாவற்றையும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமாக்கினார். மலையாளத்துப் புகையிலை வியாபாரமோ சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா கதவை மெல்ல மெல்லச் சாத்தியதில் சுருங்கிப்போனது. சங்கம் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதவின் திறப்பு அதன் கையில் இருக்கவில்லை.

தேட வேண்டிய இடம் உங்கள் வீட்டில் இருந்து முச்சக்கரவண்டியில் போகிற தூரம்தான். கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களம், அது இருக்கிற வீதிக்கே பிலிப் குணவர்தன மாவத்தை என்று பெயர், வேடிக்கைதான். 1930 இல் இருந்து பதிவாளரின் வருடாந்த நிர்வாக அறிக்கைகளைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், பக்கங்கள் பொடியும், கவனம். வளர்ந்துவிட்டோம் என்று முகவுரையில் எழுதியதை நம்பாமல் பின்னால் இருக்கும் அட்டவணைக்குப் போய், சங்கத்துக்கூடாக விற்ற தொகையையும் நிலுவையில் கிடக்கும் கடனையும் வருடத்துக்கு வருடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனை குறைந்து நிலுவை ஏறுகிற வருடம்தான் லொறிக்காரன், அந்தக் காலத்தில் தோணிக்காரன், முற்றத்துக்கு வந்த வருடம்.

ஆட்களின் பெயர் அந்த அறிக்கைகளில் கிடைக்காது. அதற்கு ஊரில் யாரிடமாவது பழைய காணி உறுதிப் பெட்டி இருக்கிறதா என்று அப்பாச்சியிடம் கேளுங்கள், பங்குச் சீட்டை உறுதிகளோடு சேர்த்துத்தான் எங்கள் ஆட்கள் வைப்பார்கள். கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், தவணை கட்டக் கட்டச் செயலாளர் கையெழுத்துப் போட்டிருப்பார், எத்தனை தவணையோடு நின்றது என்று தெரியும். எழுத்து மங்கியிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அந்தக் காலத்து வாத்தியார்மாருடைய கிறுக்கல் எனக்குப் பழக்கம், வாசித்துத் தருகிறேன்.